கொக்குக்குப் பன்னிரண்டு நிமிடம்: தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வெள்ளிக்கிழமை மாலை 6.40 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை வந்தது. மறுநாள் காலை 9.30 முதல் மாலை 4.30 வரை, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் 'இலக்கு நிர்ணயித்தலும் நேர மேலாண்மையும்' என்ற தலைப்பில் பயிற்சி. தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். விலக்கு கிடையாது. பதினைந்து மணி நேரம்கூட இடைவெளி விடாமல் ஆள் கூப்பிடுகிற பயிற்சிக்கு நேர மேலாண்மை என்று பெயர் வைத்தவர் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சனிக்கிழமை பறிபோவது எங்களுக்குப் புதிதில்லை. பயிற்சி முடிந்து கிளம்பும்போது கையில் திணித்தார்களே ஒரு படிவம், அதுதான் எழுத வைத்தது. இனி நாள்தோறும் அதை நிரப்பி, மாலை 4.30-க்குள் படமெடுத்து ஏற்ற வேண்டுமாம். நான்கு கட்டங்கள்: செயல், திட்டமிட்ட நேரம், எடுத்துக்கொண்ட நேரம், விலகலுக்கான காரணம். எங்கள் நேரம் எங்கே போகிறது என்று நீங்கள் எங்களையே கேட்கிறீர்கள். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

வட சென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறேன். 2006-இல் பணியில் சேர்ந்தேன். எங்கள் பள்ளியில் 74 பிள்ளைகள், தலைமை ஆசிரியரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 61 முதல் 90 பிள்ளைகள் வரை மூன்று ஆசிரியர்கள் என்பதால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து. எனக்கு இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில். மொத்தம் 31 பேர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டு வகுப்பு, மூன்று நிலை. ஒரே கரும்பலகைக்கு முன்னால் ஆறு கூட்டம். அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்க்கச் சொல்லும் திட்டம் அது. ஆனால் அப்படிப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும். என் வழக்கே அவ்வளவுதான்.

பயிற்சி நாளுக்கு வருகிறேன். 9.30-க்குத் தொடங்க வேண்டியது 10.20-க்குத் தொடங்கியது. திரையில் படம் காட்டும் புரொஜெக்டருக்கு வயர் வரவில்லை. கருத்தாளர் தனியார் நிறுவன மேலாளர்களுக்கு வகுப்பெடுப்பவர். பண்பானவர், தெளிவாகப் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணாடிக் குடுவையில் பெரிய கற்களை முதலில் போடுங்கள், பிறகு கூழாங்கல், பிறகு மணல் என்று செய்து காட்டினார். குடுவை எங்களுடையதுதான் ஐயா. அதில் மணலைக் கொட்டுகிற கை எங்களுடையதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் வேறொருவர் எழுந்துவிட்டார். அவசரம், முக்கியம் என்று வேலைகளைப் பிரிக்கும் நான்கு கட்டப் படம் ஒன்று திரையில் இருந்தது. அவசரமானது, ஆனால் முக்கியமில்லாதது என்கிற கட்டத்தில் 'பிறரிடம் ஒப்படைக்கவும்' என்று எழுதியிருந்தது. ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும் ஒரு ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "சார், எனக்குக் கீழே இருப்பவன் வகுப்புத் தலைவன் ஒருவன்தான். அவனுக்கு வயது ஏழு. ஒப்படைக்கலாமா?" அரங்கமே சிரித்தது. கருத்தாளரும் சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை.

பிறகு 'பொமோடோரோ' முறை. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு படித்ததில் பிறந்தது அது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் ஒரே வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. நடுவில் வேலை அறுந்துபோனால் அந்தத் தக்காளி செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து திருக வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து எனக்கு ஒரு தக்காளிகூடப் பழுக்கவில்லை.

இதில் பிள்ளைகள்மீது பழி போட மாட்டேன். ஒருவனுக்குப் பென்சில் முனை உடையும். ஒருத்திக்குப் பல் ஆடும். விழுந்த பல்லைக் கழுவாமல் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைப்பாள். இதெல்லாம் குறுக்கீடு இல்லை, இரண்டாம் வகுப்பு என்றாலே இதுதான். நான் சொல்லும் குறுக்கீடு மேசைமேல் கிடக்கும் கைப்பேசியிலிருந்து வருவது.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். பையனின் பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பு, அரும்பு நிலை. 'கொக்கு' என்ற சொல்லில் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை. 'கொ' என்ற எழுத்தை நாம் எப்படி எழுதுகிறோம் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் ஒரு துணைக்கால். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். அவன் அப்படியே படித்தான்: "கெ... ஆ... க்கு." கொம்பையும் காலையும் தனித்தனியாக ஒலித்தால் வேறென்ன வரும்? கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், மணலில் எழுத வைத்தேன், மின்னட்டை காட்டினேன். கடைசியில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் இரண்டு கைகளையும் அவன் கன்னங்களின் இரு பக்கமும் வைத்தேன். "இந்தக் கை கொம்பு, இந்தக் கை கால். நடுவில் இருக்கும் நீதான் 'க'. இரண்டு கையும் சேர்ந்து பிடித்தால் ஒரே சத்தம்தான் வர வேண்டும், என்ன சத்தம்?" அவன் உதடு குவிந்தது. 'ஒ' என்று குவிந்த அந்த உதட்டை நான் பார்த்தேன். சத்தம் இன்னும் வரவில்லை.

கைப்பேசி அடித்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து: குழுவில் போட்ட செய்தியைப் பார்க்கவில்லையா, கைகழுவும் நிகழ்ச்சியின் படம் உங்கள் பள்ளியிலிருந்து மட்டும் வரவில்லை, பத்து நிமிடத்தில் வர வேண்டும், மேலே கேட்கிறார்கள். தலைமை ஆசிரியர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் திரட்டி, குழாயடியில் வரிசையாக நிறுத்தி, பத்து பேரைக் கைகழுவ வைத்து, படமெடுத்து, செயலியைத் திறந்து, சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, ஏற்றி முடித்து அறைக்குத் திரும்பியபோது 35 நிமிடம் ஆகியிருந்தது. பையன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். 'கொக்கு' எடுத்துக் காட்டினேன். "கெ... ஆ..." என்றான்.

மறுநாள் மறுபடி உட்கார்ந்தோம். அன்று யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் 'கொக்கு' வந்தது. அதன்பின் 'கொடி', 'பொடி', 'தொடு' எல்லாம் தானாகவே வரிசையில் வந்து நின்றன. உங்கள் படிவத்தில் முதல் நாளை எப்படி நிரப்புவது? செயல்: கொக்கு. திட்டமிட்ட நேரம்: 12 நிமிடம். எடுத்துக்கொண்ட நேரம்: ஒரு நாள். விலகலுக்கான காரணம் என்ற கட்டத்தில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதலாமா?

நேரத்தை அளப்பது எனக்குப் பிடிக்காத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பயிற்சி முடிந்த திங்கட்கிழமையிலிருந்து பத்து வேலை நாட்களுக்கு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நிமிடக் கணக்கு எழுதினேன். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்கிறது சட்டம். நாளுக்கு நான்கு மணி. பத்து நாளுக்கு 40 மணி. அதில் செயலிக்கும் படங்களுக்கும் போனது 4 மணி 10 நிமிடம். சக ஆசிரியர் வேறு பணிக்கு அனுப்பப்பட்ட மூன்று நாட்களில் அவர் வகுப்பையும் சேர்த்துக் கட்டி மேய்த்ததில் 3 மணி 40 நிமிடம். அதைப் பாடம் நடத்தியதாகக் கணக்கில் சேர்க்க என் மனசாட்சி ஒப்பவில்லை. விலையில்லாப் பொருட்களை எண்ணி, பிரித்து, கையெழுத்து வாங்கியதில் 1 மணி 25 நிமிடம். பார்வையாளர்களும் தொலைபேசியும் 1 மணி 15 நிமிடம். மீதி 50 நிமிடம் என் தப்பு: தேநீர் நேரத்தில் பேச்சு நீண்டது, கண்ணாடியைத் தேடியது, பாடவேளையில் நோட்டு திருத்தியது. மொத்தம் 11 மணி 20 நிமிடம். கால் பங்குக்கும் மேல்.

காலை உணவுக்குப் போகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். துறைமுகத்தில் மீன் ஏலத்துக்காக விடியுமுன்னே கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் பிள்ளைக்கும், முன்பு வெறும் வயிற்றோடு பதினொரு மணிக்குத் தலையைச் சாய்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

பத்து நாளை வைத்து ஆண்டைக் கணிப்பது சரியில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 800 மணிக்கு விரித்துப் பார்த்தால் 226 மணி, அதாவது 56 பள்ளி நாள் என்று வருகிறது. என் கணக்கு தப்பென்றால் நீங்கள் எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு பேசலாம்.

இனி இலக்கு. பயிற்சியில் 'ஸ்மார்ட்' இலக்கு என்று ஐந்து ஆங்கில எழுத்தை எழுதிப்போட்டார்கள், எழுத்துக்கு ஒன்றாக நல்ல இலக்கின் ஐந்து குணங்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய கட்டுரையில் வந்தது அது. திரையில் 'ஏ' என்ற எழுத்துக்கு நேரே 'அடையக்கூடியது' என்று இருந்தது. டோரன் எழுதியது அதுவல்ல. அவருடைய 'ஏ', 'அசைனபிள்'. இந்த வேலையை யார் செய்யப்போகிறார் என்று பெயர் குறிப்பது. ஒவ்வொரு இலக்குக்கும் ஐந்தும் பொருந்தியாக வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், போகட்டும். ஆனால் தொலைந்துபோன அந்த 'யார்' என்ற கேள்விதான் எங்களுக்கு இன்று தேவை. விவரம் ஏற்றுவது யார்? பெட்டி இறக்குவது யார்? வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக ஏறி இறங்குவது யார்? எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் என்றால், வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது யார்?

இலக்கு வைக்க எனக்கு 2006-லேயே தெரியும். என் முதல் தலைமை ஆசிரியை கற்றுக்கொடுத்தார். திங்கட்கிழமை காலை, சுண்ணக்கட்டிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மூன்று பிள்ளைகளின் பெயரையும், பெயருக்கு நேரே ஒரே ஒரு சங்கதியையும் எழுதுவார். 'கொம்பு.' 'கடன் வாங்கிக் கழித்தல்.' 'வாயே திறப்பதில்லை.' வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்து பார்ப்பார். முடிந்ததை அழிப்பார், முடியாததை அப்படியே விடுவார். அடுத்த வாரம் அந்தப் பெயர்தான் முதலில். மூடியைத் திறக்காமல் சுண்ணக்கட்டி எடுக்க முடியாது என்பதால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த மூன்று பெயரும் கண்ணில் படும். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல திட்டப் பதிவேடு ஒன்றை நான் பார்க்கவில்லை. யாரும் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாததால்தான் அது வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆண்டுத் திட்டமும் அப்படித்தான். சென்னையில் பாடம் நடத்துகிறவருக்கு அக்டோபரும் நவம்பரும் டிசம்பரும் முழு மாதங்கள் இல்லை. மழை விடுமுறை வருமா என்று விடியற்காலையில் தொலைக்காட்சியின் அடிவரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு ஒரு வாரம் பள்ளி இல்லை, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அதனால் புதிய எழுத்து, புதிய கணக்கு எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடிந்த அளவு தள்ளிவிடுவேன், மழைக்காலத்தில் திருப்புதல்தான். நான்கு நாள் விட்டு வரும் பிள்ளையும் திருப்புதலில் சேர்ந்துகொள்ளலாம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து படகுகள் கடலுக்குப் போகும்போது எந்தெந்த வீட்டுப் பிள்ளை பாட்டியோடு தங்கப் போகும் என்பதும் என் திட்டத்தில் உண்டு. மேலிருந்து வரும் மாதாந்திர இலக்கில் ஜூலைக்கும் நவம்பருக்கும் ஒரே அளவு பாடம். அதை வகுத்தவர் மழையில் நனைந்ததில்லை போலிருக்கிறது.

சட்டத்தையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறெந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் பணியிலும், வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நாட்களிலும்தான் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பணி நாட்டுக்கு அவசியம், நான் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவசியமா என்றுதான் கேட்கிறேன். அதே சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்று சொல்லும்போது பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. என் கால அட்டவணையில் தயாரிப்புக்கு ஒரு பாடவேளைகூடக் கிடையாது. தயாரிப்பெல்லாம் இரவு ஒன்பதரைக்கு மேல், சாப்பாட்டு மேசையில், என் சொந்தக் கணக்கில் நடக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, அந்த அன்றாட நேரப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். அதை நிரப்பி, படமெடுத்து, ஏற்ற எனக்கு 18 நிமிடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளை வாசிக்கக் கேட்கும் நேரம் அது. நேரக் கணக்கு கட்டாயம் வேண்டுமென்றால், ஒரே ஒரு மாதத்துக்கு உங்கள் அலுவலகம் எழுதட்டும்: பள்ளி நேரத்தில் எங்களுக்கு எத்தனை செய்தி அனுப்பப்பட்டது, எத்தனையில் 'மிக மிக அவசரம்' என்று இருந்தது, அவற்றில் எத்தனையை மறுநாள் வரை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

இரண்டாவது, காலை முதல் இரண்டு பாடவேளைகளைத் தமிழுக்கும் கணக்குக்கும் என்று ஒதுக்கி, அந்த நேரத்தில் தொலைபேசி, படம், புள்ளிவிவரம், பார்வை எதுவும் கிடையாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிடுங்கள். வாய்மொழி வேண்டாம். வாய்மொழி உத்தரவுக்கு எங்கள் பக்கம் ஆயுள் மூன்று நாள்.

மூன்றாவது, ஒருமுறை ஏற்றிய விவரத்தை மறுபடி வேறு தாளில், வேறு குழுவில் கேட்பதை நிறுத்துங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு பதிவு எழுத்தரைக் கொடுங்கள். தலைமை ஆசிரியர் தலைமை ஆசிரியராக இருக்கட்டும்.

வாக்காளர் பட்டியல் பணிக்குப் பாட நாளில் ஆள் கேட்டால், 2007 தீர்ப்பைக் காட்டி நீங்கள் எங்களுக்காகப் பேச வேண்டும். தனி ஆசிரியை நான் பேசினால் அது பணிய மறுத்ததாகிவிடும். நீங்கள் பேசினால் கடிதப் போக்குவரத்து. தவிர்க்கவே முடியாமல் ஒருவரை அனுப்பினால், அன்றைக்கு அந்த வகுப்புக்கு மாற்று ஆள் வர வேண்டும்.

வாரத்தில் ஒன்றரை மணி நேரம், பள்ளி நேரத்துக்குள், பாடத் தயாரிப்புக்கும் இலக்கு வகுப்பதற்கும் ஒதுக்குங்கள். மாதாந்திர இலக்கை வட்டாரத்தின் மழையையும் தொழிலையும் பார்த்து மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு உரிமை கொடுங்கள். எந்தப் பிள்ளை, எந்த எழுத்து, எந்த வாரம் என்று நான் எழுதித் தருகிறேன். ஆய்வுக்கு வரும்போது அந்தப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவேட்டை அப்புறம் பார்க்கலாம்.

கடைசியாக, சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். கருத்தாளராக, இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து ஓர் ஆண்டாவது பாடம் நடத்திய ஒருவரை அனுப்புங்கள். எங்கள் பகுதியிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

பயிற்சியின் இரண்டாம் கட்டம் அடுத்த மாதம் என்று அன்றே அறிவித்தார்கள். அதற்கு முன்பாக எழுத்தில் பதில் வேண்டும். பதில் வரும்வரை படிவத்தின் முதல் மூன்று கட்டங்களை நிரப்பி அனுப்புகிறேன். நான்காவது கட்டத்தில், அன்றன்று என்னை வகுப்பிலிருந்து எழுப்பிய செய்தியை அப்படியே, வந்த நேரத்தோடு, எழுதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை,
வட சென்னை